எல்லார் மேலும் ஒரே வாசனை

ஜனவரி 5, திங்கள்

யாருக்கும் எங்கும் வலி இல்லையாம்.

காலையிலிருந்து ஒவ்வொருவராக உட்காரவைத்து "எங்கே வலி?" என்று கேட்டேன். பதினான்கு நடனக்காரர்கள். முதுகைப் பின்னால் வளைத்து உச்சந்தலையால் குதிகாலைத் தொடுகிறவர்கள், நாள் முழுக்கக் குதிக்கிறவர்கள். ஒருவருக்காவது கழுத்துப் பிடிப்பு? இல்லை. கணுக்கால்? இல்லை. ஆனால் கூடத்துக்குள் நுழைந்ததுமே மூக்கைத் துளைத்தது பச்சைத் தைலத்தின் வாசனை. எல்லார் மேலும் ஒரே வாசனை. வலி இல்லாதவர்கள் எதற்காகத் தைலத்தில் குளிக்கிறீர்கள் என்று கேட்டேன். "பழக்கம்" என்றார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஒப்பிப்பதுபோல.

கிளினிக்கிலிருந்து என்னை ஆறு வாரத்துக்கு இங்கே அனுப்பியிருக்கிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் இந்தக் குழுவின் பெரிய நிகழ்ச்சி. அதுவரை யாரும் உடைந்துபோகாமல் பார்த்துக்கொள்வது பிசியோதெரபிஸ்டாகிய என் பொறுப்பு. ஒத்திகை நடப்பது பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில். மின்தூக்கி கிடையாது. கால்களை நம்பிப் பிழைக்கிற கூட்டத்துக்கு யார் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்களோ, அவர்களைத்தான் நான் முதலில் பரிசோதிக்க வேண்டும்.

குழுவின் தலைவி மேடம் டெங்குக்கு அறுபது வயதிருக்கும். அவர் முன்னாள் நடனமணி. எல்லாரும் அவரை 'லாவ்ஷி' என்கிறார்கள். ஆசிரியர் என்று பொருள். "மிஸ் வாணி, என் பிள்ளைங்க எல்லாம் நல்ல ஆரோக்கியம். நீங்க உட்காந்து டீ குடிங்க" என்றார். வந்தது சுடுதண்ணீர்.

இங்கே சீனமும் ஆங்கிலமும் கலந்துதான் பேச்சு. இந்த நாட்குறிப்பில் மட்டும் எல்லாரும் தமிழ் பேசட்டும். ஓர் இடத்திலாவது என் சொல்படி நடக்கட்டும்.

ஜனவரி 7, புதன்

ஒரு பெட்டி நிறைய ஐஸ் வாங்கி மூன்று மாடி ஏறினேன். வீங்கிய கணுக்கால்களுக்கு வைப்பதற்காக. வீங்கிய கணுக்கால்கள் இருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள்தான் ஒத்துழைக்கவில்லை. குளிர்ச்சி மூட்டுக்குள் இறங்கிவிடுமாம். வயதான பிறகு மழைக்காலங்களில் பழிவாங்குமாம். ஐஸ் உருகித் தரையில் ஓடியது. நானே துடைத்தேன்.

வெய் கியாட் என்றொரு பையன், இருபத்து மூன்று வயது, குழுவிலேயே உயரமாகக் குட்டிக்கரணம் போடுகிறவன். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்திடம் கற்றுக்கொண்ட ஒரே சொல்லால் என்னைக் கூப்பிடுகிறான்.

"அக்கா, காலைல என்ன சாப்பிட்டேன்னுதானே கேட்கப் போறீங்க? பபிள் டீ."

"அது சாப்பாடா?"

"உள்ள ஜவ்வரிசி முத்து இருக்கே. மென்னுதானே முழுங்குறேன்?"

மாடிப்படியில் நின்று சிகரெட் பிடிக்கிறான். புகைத்தால் எலும்பு ஒட்ட நேரமாகும் என்றேன். "எலும்பு உடைஞ்சாத்தானே லா ஒட்டணும்" என்றான். தர்க்கம் படித்தவன்போல, பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் 'லா'வையும் சேர்த்து.

முதன்மை வேடத்துக்கு ருய்லான். சீனாவின் செங்டூவிலிருந்து வந்தவள், இருபத்தாறு வயது. நிகழ்ச்சியின் உச்சக் காட்சி அவளுடையது. மேடையில் பெரிய முரசுகளைப் படுக்கவைத்திருப்பார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவள் தாவ வேண்டும். இறங்குகிற பாதம்தான் முரசுக் கோல். இன்று ஒரு தடவை பார்த்தேன். என் எரிச்சலெல்லாம் சற்று நேரம் எங்கோ போய்விட்டது.

மதியம் அவள் ஒரு வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்தாள். பாதியைத் தின்றாள். மீதியைத் தாளில் சுற்றிப் பையில் வைத்தாள். அதுதான் சாப்பாடு.

நான் சாப்பிட நேரமில்லை. நின்றபடி இரண்டு பிஸ்கட்.

ஜனவரி 9, வெள்ளி

ஊறுகாய் ஜாடி மூடி இறுகிவிட்டது. அம்மா திறந்து கொடுத்தாள்.

ஜனவரி 12, திங்கள்

ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லும் சோதனை. கீழ்க்கால் எலும்பில் கோளாறு இருந்தால் இதில் முகம் காட்டிக்கொடுத்துவிடும். யார் முகமும் காட்டிக்கொடுக்கவில்லை. இவர்கள் ஆறு வயதிலிருந்து முகத்துக்குத் தனியாகப் பயிற்சி எடுத்தவர்கள் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். ருய்லான் புன்னகையோடு குதித்தாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போனவள் மேசை விளிம்பைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். நிற்கும்போதெல்லாம் எடை வலது காலில்தான்.

பழைய காலக் கப்பல் மருத்துவர் ஒருவரைப் பற்றிய புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன். பல் உதிரும்வரை மாலுமிகள் அவரிடம் "நலம்" என்றே சொல்வார்களாம். ஏனென்றால் நோயாளிக்குக் கரையில் இறக்கம், கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடும். அந்த மருத்துவர் தினமும் யாரையாவது திட்டி எழுதியிருக்கிறார். அவரோடு ஒரு கோப்பி குடிக்கலாம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அம்மா ஒரு பெரிய டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினாள். ஆளுக்கு ஒரு கரண்டி, மரியாதைக்கு. வெய் கியாட் மட்டும் டப்பாவோடு உட்கார்ந்துவிட்டான். மேடம் டெங் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். "நான் இனிமே தாவ வேண்டியதில்லையே" என்று தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார். உள்ளே உலோக மூட்டு. பொருத்தி நாலு வருடமாகிறது.

"எப்ப வலிக்க ஆரம்பிச்சது?" என்றேன்.

"முப்பது வயசுல."

"எப்ப டாக்டர்கிட்ட போனீங்க?"

"ஐம்பத்தாறுல." கரண்டியை நக்கினார். "முந்திரி நல்லா இருக்கு."

ருய்லான் ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வெகு நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போனாள். வெய் கியாட் சொன்னான்: "அவ கனவுலகூட சோறு வருதாம் அக்கா. எழுந்ததும் குற்ற உணர்ச்சியா இருக்காம்."

ஜனவரி 19, திங்கள்

பேனா வழுக்குகிறது. தடித்த பேனா வாங்கியிருக்கிறேன்.

தைலம் இனி வேண்டாம், யாருக்கு எங்கே பிரச்சினை என்று எனக்குத் தெரியாமல் போகிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பணிவாகத் தலையாட்டினார்கள். மதியத்துக்குப் பிறகு வாசனை இரட்டிப்பாகியிருந்தது. கண் எரிந்தது. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தும் போகவில்லை.

ஜனவரி 22, வியாழன்

இப்போது தெரிந்துவிட்டது. கோபத்தில் நேராக எழுத வரவில்லை.

வழக்கத்தைவிட முன்னதாகப் போய்விட்டேன். கூடத்துக்குப் பின்னால் செருப்பு வைக்கிற நடையில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ருய்லான் இடது காலின் முன்னெலும்பில் தைலம் தேய்த்தாள், சமையல் செய்பவளின் கவனத்தோடு. பிறகு பாட்டிலை அடுத்தவளிடம் கொடுத்தாள். அவள் முழங்கையில் ஒரு சொட்டு. அடுத்தவன் தோளில். பாட்டில் கைமாறிக் கைமாறிக் கடைசி ஆள் வரை போனது. கோயிலில் தீபாராதனைத் தட்டு வருவதுபோல யாரும் அதைத் தாண்டவிடவில்லை.

வெய் கியாட்டைப் படிக்கட்டில் பிடித்தேன்.

"ஒருத்தர் மேல மட்டும் வாசனை அடிச்சா லாவ்ஷியோட மூக்கு நேரா அங்கதான் போகும். எல்லார் மேலயும் அடிச்சா? எங்க போகும், சொல்லுங்க அக்கா."

"யாருக்காக இது?"

"எனக்கு என்ன தெரியும் லா. பாட்டில் வந்துச்சு, தடவுனேன்."

"உனக்கு இந்த வாசனையே பிடிக்காதுன்னு சொன்னியே."

"பிடிக்காதுதான். தலை வலிக்குது." சிகரெட்டைப் பற்றவைத்தான். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு மேல மட்டும் வாசனை வந்துச்சு. மறுநாள் அவ இடத்துல வேற ஆளு. அவ இப்ப ஏதோ ஆபீஸ்ல இருக்கா. அதுக்கப்புறம்தான் இப்படி."

இவ்வளவு மூளை, இவ்வளவு ஒற்றுமை! இதில் பாதியைத் தூங்குவதிலும் சாப்பிடுவதிலும் காட்டியிருந்தால் நான் இங்கே வரவே தேவையில்லை.

ஜனவரி 23, வெள்ளி

ருய்லானைத் தனியாக அழைத்துப் படுக்கவைத்தேன். முன்னெலும்பு நெடுக என் வலது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு இடம், ஒரு காசு அளவு. அவள் கத்தவில்லை. மூச்சு மட்டும் நின்றது. அதே நேரத்தில் என் மூச்சும் நின்றது.

அவள் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாள். "உங்களுக்கும் வலிக்குது."

"இல்லை. மாதவிலக்கு ஒழுங்கா வருதா?"

"அக்டோபர்ல மூன்கேக் பண்டிகைக்கு முன்னாடியே நின்னுபோச்சு. வசதியா இருக்கு."

வசதி! சாப்பிடாத உடம்பு முதலில் அதை நிறுத்தும், பிறகு எலும்பிலிருந்து எடுக்கும் என்று விளக்கினேன். எலும்பில் விரிசல் விழ ஆரம்பித்திருக்கலாம், இப்படியே தாவினால் மேடையிலேயே இரண்டாக உடையலாம் என்றேன். உடைந்தால் கம்பி வைக்க வேண்டிவரும், திரும்ப ஆட முடியுமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அமைதியாகக் கேட்டுக்கொண்டாள். "நிகழ்ச்சி முடிஞ்சதும் ஸ்கேன் எடுக்கிறேன்."

"அதுக்கு முன்னாடி."

"என் ஒப்பந்தம் மார்ச்சோட முடியுது. நீட்டிக்கிறது இந்த முரசுக் காட்சியைப் பார்த்துத்தான். ஊருக்குத் திரும்பினா அங்க இருபது வயசுப் பொண்ணுங்க வரிசையில நிக்கிறாங்க. அம்மா முதல் தடவையா என்னை மேடையில பார்க்க வர்றாங்க." எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, கடையில் பேரம் பேசுகிற குரலில், "நீங்க என் காலைப் பத்தி லாவ்ஷிகிட்ட சொன்னா, நான் உங்க விரலைப் பத்தி உங்க கிளினிக்ல சொல்வேன்" என்றாள்.

என் கட்டைவிரலுக்கு ஒன்றுமில்லை. இந்தத் தொழிலில் எல்லாருக்கும் இருக்கிற அசதிதான்.

ஜனவரி 26, திங்கள்

மேடம் டெங்கிடம் இன்னும் சொல்லவில்லை. ஸ்கேனுக்கு வெள்ளிக்கிழமைதான் நேரம் கிடைத்தது. படம் கையில் இல்லாமல் பேசினால் அவர் நம்பமாட்டார். அதுவும் தவிர, ஒத்திகையில் தாவாமல் நடந்து மட்டும் காட்டுகிறேன் என்று ருய்லான் ஒப்புக்கொண்டிருக்கிறாள். இது நியாயமான ஏற்பாடு.

அவள் காலுக்குப் பிளாஸ்திரி ஒட்டினேன். பல்லால் கிழித்தேன், அதுதான் வேகம்.

கிளினிக்கில் கை போன பிசியோதெரபிஸ்ட் ஒருவரை முன்மேசையில் உட்காரவைத்திருக்கிறார்கள். நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறார். நல்ல மனிதர். இன்று ஏனோ அவர் நினைவு வந்தது.

ஜனவரி 30, வெள்ளி

ருய்லான் ஸ்கேனுக்குப் போகவில்லை. உடை அளவெடுக்கப் போய்விட்டாளாம். "இடுப்பு ஒரு அங்குலம் குறைஞ்சிருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னாள். தையல்காரரையும் அவளையும் என்னையும் சேர்த்து ஒரு அறையில் வைத்துப் பூட்ட வேண்டும்.

ஸ்கேன் புதன்கிழமைக்கு மேல்தான் மறுபடி கிடைக்கும். அதுவரை பொறுக்கலாம்.

பிப்ரவரி 2, திங்கள்

கோப்பையைக் கீழே போட்டு உடைத்தேன். அம்மா துடைப்பத்தோடு வந்தாள்.

"எத்தனை நாளா இடது கையால தலை வாருற?"

"கொஞ்ச நாளா."

"ஊர்ல இருக்கிறவங்க கை காலெல்லாம் பார்த்துச் சொல்றே. வீட்டுக்கு வந்து என்கிட்ட கொஞ்ச நாளாங்கிறே."

கொஞ்ச நாள் இல்லை. தீபாவளியிலிருந்து. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. பேச்சை மாற்ற, பசிக்கிறது என்றேன். சோறு போட்டாள். நின்றுகொண்டே சாப்பிடப் போனவளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

பிப்ரவரி 4, புதன்

முழு உடையில் ஒத்திகை. முரசுக் காட்சி. இன்று நிஜமாகத் தாவ வேண்டும் என்று மேடம் டெங் சொல்லிவிட்டார். ருய்லான் என் பக்கம் திரும்பவே இல்லை.

மேடம் டெங் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் அப்படித்தான், காதால் பார்க்கிறவர். ருய்லான் தாவினாள். வலது பாதம் இறங்கினால் கூடம் அதிர்ந்தது. இடது பாதம் இறங்கினால் கதவை யாரோ தயங்கித் தட்டியதுபோல ஓசை.

"இடது கால் கேக்கல" என்றார் திரும்பாமல். "மறுபடி."

மறுபடியும் அதே.

"கடைசி வரிசைக்குக் கேக்கணும். மறுபடி!"

ருய்லான் மூச்சை இழுத்துக்கொண்டு முழு எடையோடு இறங்கினாள். முரசு இடிபோல் ஒலித்தது. அவள் முகத்தில் அப்போதும் அந்தப் புன்னகை. அடுத்த தாவலுக்குக் கை உயர்ந்தது.

"நிறுத்துங்க!"

கத்தியது நான்தான். "அவ எலும்புல விரிசல். இன்னொரு தடவை குதிச்சா உடையும். அவ குதிக்கக் கூடாது."

மேடம் டெங் திரும்பினார். ருய்லான் முரசின் மேல் நின்றபடியே, உச்சியிலிருந்து பார்ப்பவளாக, என்னைச் சுட்டிக்காட்டினாள். "அவங்களுக்குக் கட்டைவிரல் போச்சு. ஒரு பாட்டில் மூடி திறக்க முடியாது. பல்லால பிளாஸ்திரி கிழிக்கிறாங்க. அவங்க எனக்குச் சொல்ல வந்துட்டாங்க."

மேடம் டெங் என்னிடம் வந்தார். அதுவரை 'நீங்க' என்றவர்.

"எப்பலேருந்து உனக்குத் தெரியும்?"

"பன்னிரண்டு நாளா."

"பன்னிரண்டு நாள் அவளைக் குதிக்க விட்டே?"

ஸ்கேன், வெள்ளிக்கிழமை, நியாயமான ஏற்பாடு, எல்லாம் தொண்டைக்கு வந்து திரும்பிப் போயின.

"லாவ்ஷி," என்றான் வெய் கியாட் பின்னாலிருந்து. "நாங்களும்தான் மறைச்சோம். தைலம்..."

"தைலம்!" அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "அதை நீங்க கண்டுபிடிச்சதா நினைச்சியா? பதினாறு வயசுல எங்க விடுதி அறையில நாங்க கண்டுபிடிச்சது அது. வாசனை வந்த அன்னிக்கே உங்கள்ல யாருக்கோ என்னமோன்னு எனக்குத் தெரியும்." அருகிலிருந்த முரசின் மேல் உட்கார்ந்தார். உட்காரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "யாருக்குன்னு கேட்டா நிகழ்ச்சி போயிடும். அதனால கேட்கல."

ருய்லான் இறங்கிவந்தாள். இடது காலை ஊன்றாமல், ஒவ்வொரு முரசாகப் பிடித்துப் பிடித்து. யாரும் உதவிக்குப் போகத் துணியவில்லை. என்னைக் கடக்கும்போது தாழ்ந்த குரலில், "தனியா சொல்லியிருக்கலாம்" என்றாள்.

உண்மைதான். தனியாகச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

ஸ்கேன் வந்துவிட்டது. முன்னெலும்பில் மெல்லிய கோடு. பாதி தூரம் போயிருக்கிறது, முழுக்கப் போகவில்லை. மாதக்கணக்கில் தாவக் கூடாது. காலுக்குக் கனத்த பூட் மாட்டியிருக்கிறார்கள். உணவு நிபுணரையும் பெண்கள் நல மருத்துவரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆடும் நாள் திரும்ப வருமா என்று மருத்துவரிடம் கேட்டாளாம். சாப்பிட்டால் வரும் என்றாராம். என்னைவிடச் சுருக்கமாகப் பேசுகிறார்.

முரசுக் காட்சி ஸியூ லிங் என்ற இருபது வயதுப் பெண்ணுக்குப் போய்விட்டது. ருய்லானே சொல்லிக்கொடுக்கிறாள், நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு குச்சியால் தரையைத் தட்டி. கோபத்தில் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறாள். என்னோடு பேசுவதில்லை.

அவள் என் விரலைப் பற்றிக் கிளினிக்குக்குச் சொல்லவும் இல்லை. நானும் சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்லலாம்.

பிப்ரவரி 9, திங்கள்

சொல்லவில்லை. கிளினிக்கில் கூட்டம்.

பிப்ரவரி 13, வெள்ளி

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்துபோல் சாய்கிறது. சுருக்கமாக எழுத வேண்டும். எனக்கு இது நல்லதுதான்.

நேற்று நிகழ்ச்சி. திரை உயர ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒப்பனை அறைக்குப் போனேன். ருய்லானின் அம்மா மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த, கண்ணாடி போட்ட பெண்மணி. மகளின் காலைப் பார்ப்பதும் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். ஒரு டப்பாவைத் திறந்து ஆவியில் வெந்த பன் ஒன்றைக் கொடுத்தார். ருய்லான் பாதியைத் தின்றாள். மீதியைச் சுற்றத் தாளைத் தேடினாள். அம்மா தாளைக் கொடுக்கவில்லை. மீதியையும் தின்றாள், அழுதுகொண்டே.

மார்ச்சுக்குப் பிறகு அவளுக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது. மேடம் டெங் ஒப்பந்தத்தை நீட்டிக்க நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை.

தைலப் பாட்டில் மேசையில் இருந்தது. மேடம் டெங் புதிதாக ஒரு சட்டம் போட்டிருந்தார்: வலிக்கிறவர்கள் மட்டும் தடவ வேண்டும். யாரும் தொடவில்லை. கடைசியில் வெய் கியாட் எழுந்தான். "சரி லா" என்று கணுக்காலில் தேய்த்தான். முதல் தடவையாக அது வேறு யாருக்காகவும் இல்லை, தனக்காகத்தான். பாட்டிலை இறுக்கி மூடினான். ஒரு நிமிடம் யோசித்து, அதை என் முன்னால் வைத்தான்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தேன். மூடி திரும்பவில்லை. இரண்டு தடவை முயன்றேன்.

ருய்லான் பூட் தரையில் தட்டத் தட்ட எழுந்து வந்தாள். என்னிடமிருந்து வாங்கித் திறந்தாள். என் கையைப் பிடித்து, கட்டைவிரலின் அடிமூட்டில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்தாள், அழுத்தமாக, அன்று நான் அவள் காலில் தேடியதுபோல் தேடி. அந்த இடம் வந்ததும் என் மூச்சு நின்றது. அவள் விரலும் அங்கேயே நின்றது.

"மன்னிக்கல" என்றாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

கதவைத் திறந்து மேடம் டெங் வந்தார். வாசலிலேயே நின்று மூக்கை உயர்த்தினார். எந்த மூக்குக்குப் பயந்து ஒரு குழுவே தைலத்தில் குளித்ததோ, அந்த மூக்கு. நேராக வெய் கியாட்டிடம் போனது. அவன் கணுக்காலைக் காட்டினான். "குட்டிக்கரணம் இன்னிக்கு வேண்டாம்" என்றார். அவன் முகம் விழுந்தது, ஆனாலும் தலையாட்டினான்.

பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

"எங்கே வலி?"

ஆறு வாரமாக நான் எல்லாரிடமும் கேட்ட கேள்வி. அசதி என்று சொல்லலாம். பழக்கம் என்று சொல்லலாம்.

கையை நீட்டினேன்.

"இங்கே" என்றேன். "தீபாவளியிலிருந்து."